நிஜமாகவே வெடிக்கும் என்று சொன்ன நாள்

1. போட்டோ

என் போனில் ஒரு போட்டோ இருந்தது. யாரோ ஒருவர் வீட்டு பாத்ரூம். கூரையில் பெரிய ஓட்டை, சுவரில் டைல்ஸ் இல்லை, தரையில் தகரக் கிழிசலாக ஒரு கீசர் டேங்க். எந்த ஊர், எந்தக் கம்பெனி கீசர், அதில் யாராவது செத்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சர்வீஸ் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் அதை என் போனுக்கு அனுப்பினார். யூனிபார்ம் சட்டையும் ஸ்பேனர் செட்டும் அதற்குப் பிறகுதான் வந்தன.

"கஸ்டமர் யோசிக்கிறாருன்னு தெரிஞ்சா இதை எடுத்துக் காட்டு தணிகா. அப்புறம் நீ வாயைத் திறக்க வேணாம். மிச்சத்தை அவரே யோசிச்சுக்குவாரு," என்றார்.

அதற்கு முன் இங்கே நிலக்கரி மைன்ஸில் எட்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்தவனுக்கு இந்த வேலை பெரிய விஷயம். காட்டினேன். பல வருடம் காட்டினேன். இப்போது முட்டி போய்விட்டது, ஏணி ஏற முடியவில்லை, வீட்டில் இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். கீசர் எப்படி மாட்டுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு வீடியோ இருக்கிறது. நான் சொல்லப் போவது வேறு.

பழைய மாடல் கீசரில் சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் தனியாக இருக்கும். அது வேலை செய்யாவிட்டால் கரண்ட்டை நிறுத்தும் கட்-அவுட் தனி. தண்ணீரைச் சூடாக்கும் காயில் தனி. எது போனதோ அதை மட்டும் மாற்றலாம். பிறகு வந்த மாடலில் மூன்றையும் ஒன்றாக அழுத்தி ஒரே அசெம்பிளியாக்கினார்கள். ஒன்று போனால் மூன்றும் குப்பை. நாலைந்து வருடத்தில் அந்த அசெம்பிளி வருவதும் நின்றுவிடும். டேங்க் நன்றாக இருக்கும், பாடி நன்றாக இருக்கும், ஆனால் கீசர் செத்துவிடும். யாரும் தெரியாமல் செய்த தப்பு இல்லை இது. உட்கார்ந்து யோசித்துச் செய்தது.

மக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வருடத்தில் பத்து மாதம் குழாயைத் திறந்தாலே வெந்நீர் கொட்டுகிற ஊர் இது. இங்கே மார்கழிக் குளிருக்காக ஆளுக்கொரு கீசர். ஏன்? பக்கத்துக் குவார்ட்டர்ஸில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு வரிசையில் ஒருவர் வாங்கிவிட்டால் போதும், அதே மாடலை அடுத்தவரும் வாங்குவார். அவர் விசாரித்துத்தானே வாங்கியிருப்பார் என்று நினைப்பார். முதல் ஆள் விசாரிக்கவே இல்லை. நாங்கள் ஷோரூமில் விலை கூடின மாடலை முதலில் காட்டியிருப்போம், அதைப் பார்த்தபின் அடுத்தது மலிவாகத் தெரிந்திருக்கும், வாங்கியிருப்பார். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்றால் உருப்படியான மிஷினைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள். அப்படியும் மசியாத ஆளுக்குத்தான் போட்டோ.

2. மைன்ஸ் பஸ்

நான் ஒன்றை மறந்துவிட்டேன். இந்த ஊரில் ஒரே பிளாக் ஆட்கள் ஒரே ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர்கள். போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி, பேச்சுத்தான் வேலை.

ஒரு நாள் காலை ஷிப்ட் பஸ்ஸில் ஒருவர் தன் வீட்டு கீசரைப் பற்றிப் பேச்சு எடுத்திருக்கிறார். மெக்கானிக் ஒரு போட்டோ காட்டினான், பயந்துபோய்ப் புதுசு வாங்கிவிட்டேன் என்றாராம். எனக்கும் காட்டினான் என்று பின்சீட்டிலிருந்து ஒருவர். கூரையில் ஓட்டையா என்று இன்னொருவர். நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு 'வெடி மெக்கானிக்' என்று பெயர். டீக்கடையில் நான் போய் நின்றால் "தள்ளி நில்லுங்கய்யா, வெடிச்சிடப் போவுது" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மேனேஜரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். போட்டோவை மாற்றலாம் என்றார்.

3. வேலாயுதம் வீடு

வேலாயுதம் மைன்ஸில் கன்வேயர் பிரிவில் எலக்ட்ரீஷியன். பர்மனென்ட், முப்பது வருட சர்வீஸ். சேத்தியாத்தோப்புப் பக்கம் சொந்த ஊர். அவர் வீட்டு கீசருக்கு ஏற்கெனவே ஒரு முறை அசெம்பிளி மாற்றியிருந்தார். இரண்டாவது முறை கட்-அவுட் போனபோது போனவன் நான். இவ்வளவு செய்த மிஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, கட்-அவுட்டாவது அசெம்பிளியாவது ஒன்று மாட்டிக் கொடு என்று கேட்டார். எங்கள் குடோனில் அந்த மாடலுக்கு அசெம்பிளி இருந்தது. வெளியே கொடுக்க வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஸ்பேர் நின்றுபோச்சு, புதுசு வாங்குங்கள், இல்லையென்றால் ஆபத்து என்றேன். போட்டோவைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுப் போனை என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். போயிட்டு வா என்றார்.

அது ஒரு மார்கழி. அடுத்த மார்கழியில் அவர் மனைவி அம்சா சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தார். கீசரில் தண்ணீர் வரவில்லை, ஆவிதான் சீறுகிறது என்றார். சாயங்கால நேரம், உடனே போனேன்.

வேலாயுதத்துக்கு அன்று வாராந்திர லீவு. உள் ரூமில் அவர் மகள், பிரசவத்துக்கு வந்தவள், இருபது நாள் குழந்தையோடு இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற நேரம். பிளாஸ்டிக் தொட்டி, துண்டு, பவுடர் டப்பா எல்லாம் பாத்ரூம் வாசலில் தயாராக இருந்தன.

கீசர் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலில் அதை அணைத்தேன். அடி மூடியைக் கழற்றினேன்.

தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் கேபிள். வேலாயுதம் நேராக இணைத்திருந்தார். இதைத்தான் டைரக்ட் பண்ணுவது என்போம். இனி எவ்வளவு சூடானாலும் கரண்ட் தானாக நிற்காது. அது பாதிதான். சேஃப்டி வால்வைப் பார்த்தேன். டேங்க்கில் அழுத்தம் கூடினால் வெளியே விடுகிற வால்வு அது. தண்ணீர் சூடாகும்போது லேசாகச் சொட்டும், சொட்ட வேண்டும். அதன் வாயில் ஒரு இரும்பு பிளக். டெஃப்லான் டேப் சுற்றி, நல்ல எலக்ட்ரீஷியன் செய்கிற மாதிரி, இம்மி ஒழுக்கு இல்லாமல் இறுக்கியிருந்தார்.

விசிலையும் வால்வையும் அடைத்த குக்கரை அணையாத அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் என் தலைக்கு ஒரு அடி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே டக், டக் என்று தகரம் இழுக்கிற சத்தம் கேட்டது. இவ்வளவு வருடம் நான் வாயால் சொன்ன விஷயம் அது. கண்ணால் அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணே, எல்லாரையும் கூட்டிகினு வெளிய போங்க. இது வெடிக்கும்."

வேலாயுதம் சிரித்தார்.

"போட்டோ எங்க? எடுத்துக் காட்டு."

"போட்டோ இல்லண்ணே. நெஜமாவே சொல்றேன்."

"போன வருசமும் நெஜமாத்தான சொன்ன. யோவ், அங்க ஆள் உசர மோட்டாரையே பிரிச்சு மாட்றவன் நான். இந்தப் பதினஞ்சு லிட்டர் டப்பாவுக்கு நீ எனக்குப் பாடம் எடுக்கிற. வால்வு சொட்டுச்சு, அடைச்சேன். பத்து நிமிசம் போடுவேன், ஆஃப் பண்ணிடுவேன். ஒரு வருசமா ஓடிகினுதான இருக்குது?"

ஒரு வருடம் வெடிக்காததால் இனியும் வெடிக்காது என்று அந்தக் கெட்டிக்காரர் நம்பினார். அம்சா குறுக்கே வந்தார்.

"இன்னைக்கு எங்க ஆஃப் பண்ண? போன் வந்துச்சுன்னு தெருவுக்குப் போய்ப் பேசிகினு இருந்த. முக்கா மணி நேரமா எரியுது."

"நீ சும்மா இரு. அவன் மிசின் விக்க வந்திருக்கான். புள்ளைக்குத் தண்ணி ஆறிடும்," என்று வேலாயுதம் கையை நீட்டி சுவிட்சை மறுபடி போட்டார்.

நான் அணைத்தேன். அவர் போட்டார். மறுபடி அணைத்தேன். சின்னப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கிழவர்கள். உள்ளே அந்த டக், டக் நிற்கவில்லை. மகள் குழந்தையோடு ரூம் வாசலில் வந்து நின்று, குளிப்பாட்டலாமா வேண்டாமா என்று கேட்டாள்.

என்ன சொன்னாலும் ஏறாது என்று புரிந்துவிட்டது. சத்தியம் செய்யலாம், அழலாம், எல்லாம் வியாபாரமாகத்தான் தெரியும். வராண்டாவுக்கு ஓடினேன். அந்தக் காலத்துக் குவார்ட்டர்ஸ், பீங்கான் ஃபியூஸ். பவர் லைன் ஃபியூஸைப் பிடுங்கி என் பேன்ட் பையில் போட்டேன்.

வேலாயுதம் பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஃபியூஸைக் குடுய்யா."

"தர மாட்டேண்ணே. லைன்ல நான் வேலை செஞ்சிகினு இருக்கேன். முடிச்சிட்டு நானே போடுறேன்."

நின்றுவிட்டார். மைன்ஸில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். லைனில் இறங்குகிறவன் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொள்வான். அவன் வெளியே வந்து தன் கையால் திருப்பிக் கொடுக்கும்வரை வேறொருவன் அங்கே கம்பி வைக்க மாட்டான். எவ்வளவு அவசரமானாலும், எவ்வளவு பெரிய அதிகாரி கேட்டாலும் வைக்க மாட்டான். வேலாயுதம் நினைத்திருந்தால் ஒரு துண்டு ஒயரைச் சொருகிவிட்டுப் போயிருக்கலாம். முப்பது வருடத்துப் பழக்கம் அவர் கையை விடவில்லை. என் வாயை நம்பாத மனிதர் என் பையில் இருந்த ஃபியூஸை மதித்தார்.

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. கரண்ட் நின்றாலும் உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் பிளக்கைக் கழற்றினால் கழற்றுகிறவன் வெந்துபோவான். எல்லோரும் வீட்டுக்கு வெளியே வந்து பலா மரத்தடியில் நின்றோம். குழந்தையை எதிர் வரிசையில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பாத்ரூம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். டக் என்று சத்தம் வரும்போதெல்லாம் அம்சா என் கையைப் பிடித்தார். பிறகு விட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

சத்தம் அடங்கி, இன்னும் கொஞ்சம் காத்திருந்து, நானும் வேலாயுதமும் உள்ளே போனோம். தண்ணீரை வடித்துவிட்டுக் கீசரை இறக்கினோம். வெளி பாடியை உருவப் பார்த்தேன், வரவில்லை. தகரத்தை வெட்டி எடுத்தோம். உள் டேங்க் ஒரு பக்கம் பானை மாதிரி உப்பி, வெல்டிங் ஓரம் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளக்க ஆரம்பித்திருந்தது.

வேலாயுதம் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப இது வெடிச்சிருக்கும்."

"ஆமாண்ணே."

"போன வருசம் காட்டினியே, அது?"

"அது வியாபாரம்ணே. அசெம்பிளி குடோன்ல இருந்துச்சு."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போய் அம்சாவிடம் அடுப்பில் வெந்நீர் வைக்கச் சொன்னார்.

4. மீதி வீடுகள்

மறுநாள் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். குடோனில் இருக்கிற அசெம்பிளிகளை எடுத்துக் கொடுங்கள், அந்த மாடல் வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் போய் மாட்டிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த டேங்க்கை ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே தணிகா," என்றார்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

ஸ்பேர் இல்லை என்று நான் பொய் சொன்ன வீடுகளை ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதினேன். பதினோரு வீடு வந்தது. சைக்கிளில் ஒவ்வொன்றாகப் போனேன். பை இல்லை, பில் புத்தகம் இல்லை, ஒரு ஸ்பேனர் மட்டும். சிலர் சிரித்துக்கொண்டே விட்டார்கள். இரண்டு வீட்டில் டைரக்ட் பண்ணியிருந்தார்கள், ஒன்றில் வால்வையும் அடைத்திருந்தார்கள். அந்தக் கேபிளையும் பிளக்கையும் கழற்றிப் போட்டேன். பத்து வீடு முடிந்தது.

தம்பிகளே, கஸ்டமரைப் பயமுறுத்தி விற்பது சுலபம். நாலு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறை பொய்யாகப் பயமுறுத்தும்போதும் நிஜமான ஆபத்தைச் சொல்ல இருக்கிற வாயை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். ரிப்பேர் செய்ய முடிவதை முடியாது என்று சொன்னால் அந்த ஆள் சும்மா இருக்க மாட்டான். தனக்குத் தெரிந்த மாதிரி ஏதாவது செய்வான். அவன் செய்வதற்கு நீங்கள்தான் பொறுப்பு. உங்கள் மேனேஜர் அந்த பாத்ரூமில் நிற்க மாட்டார். எனக்கு இது புரிய ஒரு கைக்குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

பதினோராவது வீட்டுக்காரர் என்னை வாசல் கேட்டுக்குள் விடவில்லை. மூன்று முறை போனேன். டவுன்ஷிப் ஆபீஸில் சொன்னேன், சொந்தமாக வாங்கின சாமானுக்கு நாங்கள் என்ன செய்வது என்றார்கள். வேலாயுதமே பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். "வெடி மெக்கானிக் உனக்கு எவ்வளவு கமிசன் குடுத்தான்?" என்று அந்த ஆள் கேட்டாராம்.

இது மறுபடி மார்கழி. காலையில் அந்தப் பக்கம் போகும்போது அவர் வீட்டு பாத்ரூம் வெளிச்சுவரைப் பார்க்கிறேன். வால்வின் குழாய் அந்தச் சுவர் வழியாகத்தான் வெளியே வருகிறது, சொட்டினால் சுவரில் ஈரம் இருக்க வேண்டும். சுவர் காய்ந்திருக்கிறது.