சிவப்புப் பெயிண்ட் அடித்த கிட்டார்

தெருவில் அவளைக் காயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எரிந்துபோன மின்விசிறியோ புகைந்துபோன தண்ணீர் மோட்டாரோ, எதைக் கொண்டுவந்து போட்டாலும் பழைய கம்பியைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி ஓட வைத்துவிடுவாள். கைராசி என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. “ராசி என்ன ராசி? எண்ணிச் சுத்தினா ஓடும். எண்ணாம சுத்தினா புகையும்” என்பாள்.

அவள் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பாள் என்பது தெருவுக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரியும், வீட்டுக்குப் பிடிக்காது.

அந்தக் கிட்டாரைப் பழைய இரும்புக் கடையில், உடைந்த சைக்கிள்களுக்கு நடுவில் கண்டெடுத்தாள். பழுப்பு நிறம், கை பட்டுப் பட்டு வழுவழுப்பாகிப் போன கழுத்து. ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் மூச்சு வரவில்லை. நரம்புகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப், அதாவது நரம்பின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கட்டை, செத்துப் போயிருந்தது. பிரித்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது காயில், கம்பிச் சுருள்! மற்றவர்களுக்கு அது மர்மம், அவளுக்கு அன்றாடச் சோறு. தலைமுடியைவிட மெல்லிய கம்பி வாங்கி, மூன்று முறை அது அறுந்துபோய், நான்காவது முறை ஆயிரக்கணக்கான சுற்றுகளைச் சுற்றி முடித்தாள். கையோடு இருந்த மோட்டார் பருத்தி நாடாவால் சுற்றி, மோட்டார் முனைக்குப் போடும் இரட்டை முடிச்சையே போட்டு மூடினாள்.

கம்பி கொஞ்சம் அதிகமாக ஏறிவிட்டதோ என்னவோ, சத்தம் யாரிடமும் இல்லாத சத்தமாக வந்தது. மூக்கடைத்தவன் கோபத்தில் கத்துகிற மாதிரி ஓர் உறுமல். அவளுக்கு அது போதும். பட்டறை வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் ஒரு மணி நேரம் உறுமினாள். பன்னிரண்டு வருஷம்.

அவளுடைய கொழுந்தன் மேடைக் கிட்டாரிஸ்ட். மூன்று கிட்டார், காலடியில் சத்தத்தை மாற்றும் ஒரு டஜன் பெடல் பெட்டி, முகத்தில் எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. அண்ணி வாசிப்பது அவனுக்கு ஒரு நகைச்சுவை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஏதாவது வாங்கி வருவான்: கிட்டார் வடிவத்தில் சுவர்க் கடிகாரம், கிட்டார் படம் போட்ட காலுறை, ஒரு முறை கிட்டார் வடிவச் சப்பாத்திக் கட்டை. “உங்களுக்கு இதுதான் அண்ணி செட் ஆகும்” என்பான். மாமியார் சிரிப்பார். கணவரும் சிரிப்பார். காயில் அக்கா அந்தக் கட்டையை எறும்புப் பொடி டப்பாவுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்தாள்.

நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் கிட்டாரைக் காணவில்லை. “தம்பி சர்வீஸ் பண்ணித் தர்றேன்னு எடுத்துட்டுப் போயிருக்கான். உனக்கு சர்ப்ரைஸாம்” என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

“என் தம்பிதானே?”

“கிட்டார் உங்களோடதா?”

அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பிறந்தநாளன்று கிட்டார் வந்தது. கார்களுக்கு அடிக்கிற ரத்தச் சிவப்புப் பெயிண்ட் பளபளத்தது. கழுத்தையும் தேய்த்துப் புதுசாக்கியிருந்தான். பன்னிரண்டு வருஷம் அவள் கட்டைவிரல் பதிந்த இடம் காணாமல் போயிருந்தது. மாட்டி ஒரு நரம்பைத் தட்டினாள். டிங் என்றது, விளையாட்டுச் சாமான் மாதிரி. உறுமல் இல்லை.

“பழைய பிக்கப் எங்கே?”

“அதையா கேக்குறீங்க அண்ணி? குப்பையில போட்டேன். புதுசு போட்டிருக்கேன். நன்றி சொல்லக் கூடாதா?”

“நல்லது பண்ணினவனை முறைக்கிறியே” என்றார் மாமியார். காயில் அக்கா கேக் வெட்டவில்லை. கத்தியைக் கழுவி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு கணவரோடு பேசியதெல்லாம் ‘பால் வந்துடுச்சு’, ‘குழாய் ஒழுகுது’ அளவில்தான்.

இரண்டு மாதம் கழித்து, அவள் வேலை எடுத்துச் செய்யும் மின்சாமான் கடையின் புதுக் கிளைத் திறப்பு விழா. காலை பதினோரு மணி. கடை வாசலில் மேடை போட்டுக் கொழுந்தனின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கக் கருவிப் பையோடு வந்தவள், வந்த காரியத்தை முடித்துக்கொண்டு கிளம்பத்தான் பார்த்தாள். இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக எழுந்தது.

மூக்கடைத்தவன் கத்தினான்.

கிளம்பியவள் மேடைப் பக்கம் திரும்பினாள். பெற்ற பிள்ளை பக்கத்து வீட்டில் அழுதால் தெரியாதா? பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றாள். முடிந்ததும் நேராக மேடை ஏறினாள்.

“கிட்டாரைக் குடு.”

“அண்ணி, இது விளையாடுற இடம் இல்ல” என்று சிரித்தான்.

“அதுல இருக்கிற பிக்கப் என்னோடது.”

“உளறாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.” அவள் டிரம்ஸ் வாசிப்பவர் பக்கம் திரும்பினாள். “தம்பி, நீங்களே சாட்சி. நாலு திருகைக் கழட்டினா உள்ளே பருத்தி நாடா இருக்கும். மோட்டாருக்குச் சுத்துற நாடா. முனையில ரெட்டை முடிச்சு. இல்லைன்னா இவன் கால்ல விழறேன்.”

டிரம்ஸ்காரர் குழப்பத்தோடு கொழுந்தனைப் பார்த்தார். “அண்ணே, அதை வெளிநாட்டுல இருந்து வரவழைச்சேன்னு சொன்னீங்க?”

கொழுந்தன் கண்ணாடியைக் கழற்றினான். கிட்டாரை அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினான். டிரம்ஸ்காரர் எழுந்து வந்து, கிட்டார் வாரை அவன் தோளிலிருந்து கழற்றினார்.

அவள் நரம்புகளைத் தளர்த்தி, நாலு திருகையும் கழற்றி, கட்டையைத் தூக்கிக் காட்டினாள். பட்டறை எண்ணெய் பட்டுப் பழுப்பேறிய நாடா. இரட்டை முடிச்சு. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அவள் கட்டிங் பிளையரால் கம்பிகளை வெட்டினாள்.

“குடும்ப மானத்தையே வாங்கிட்டீங்க” என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“திருடினப்ப அது எங்கே போயிருந்துச்சு?”

மிச்சப் பாட்டுகளைக் கிட்டார் இல்லாமலே வாசித்தார்கள். அடுத்த வாரம் குழுவிலும் அவன் இல்லை.

மாமியார் வந்து வாசலில் நின்றே சபித்தார். கணவர் முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார். “ஒரு வார்த்தை ஸாரி சொல்லிடேன். ஒரு சின்னக் கட்டைக்காக அண்ணன் தம்பி உறவையே அறுத்துட்டியே.”

“அறுத்தது நானா? எடுத்துக் குடுத்த கை யாரோடது?”

பிக்கப்பைத் தன் கிட்டாரில் திரும்பப் பொருத்தினாள். உறுமல் வந்தது. கழுத்து மட்டும் வரவில்லை. அது இன்னும் யாரோ அந்நியருடைய கழுத்தாகவே இருக்கிறது. சிவப்புப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்து, மரமும் சேர்ந்து வந்ததால் பாதியில் விட்டுவிட்டாள். டிரம்ஸ்காரர் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, தன் நண்பருக்கு அதே மாதிரி ஒன்று சுற்றித் தர முடியுமா என்று கேட்டார். “வெளிநாட்டுல கிடைக்குமாமே, வரவழைச்சுக்கச் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டாள். சாட்சிக்கு நின்ற மனிதர். அவரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று மறுநாள் தோன்றியது. ஆனால் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

மூன்று வருஷமாகிறது. தம்பி வீட்டு விசேஷங்களுக்குக் கணவர் தனியாகத்தான் போய் வருகிறார். வீட்டில் அவளுடைய கத்தரிக்கோலை எடுக்க வேண்டுமென்றால்கூட இப்போதெல்லாம், “எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு நிற்கிறார்.

சில நாள் அவள் வேண்டாம் என்கிறாள்.