மெய்லான் எழுதிய மஞ்சள் கயிறு

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மில்பிடாஸில் சர்க்யூட் போர்டு செய்யும் அந்தக் கம்பெனியில், உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. அதனால் ராஜலக்ஷ்மி தினமும் தாலிக்கொடியைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு, வெறும் மஞ்சள் கயிற்றை முடிந்துகொண்டு வேலைக்கு உட்காருவாள். கல்யாணமான மாதத்திலிருந்து புருஷனிடம் அடி வாங்குகிறவளுக்கு அந்த எட்டு மணி நேரம்தான் நிம்மதி.

பக்கத்து நாற்காலி மெய்லானுடையது. ஐம்பது வயதுச் சீனத்து அம்மாள். சீனாவில் இருந்தபோது மலைச்சாதி மக்களின் ஊர்களில் மாதக்கணக்கில் தங்கி, அவர்களுடைய கல்யாணம், கருமாதி, வெட்டுக்குத்து எல்லாவற்றையும் புத்தகமாக எழுதியவள். இங்கே வந்தும் கை சும்மா இருக்கவில்லை. சீனக் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அது என்ன கயிறு என்று ஒருநாள் கேட்டாள்.

ராஜலக்ஷ்மி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தாள். புருஷன் மணியனின் பெல்ட், பழுக்கக் காய்ச்சிய தோசைத் திருப்பி, ரவை டப்பாவுக்குள் ஒளித்து வைத்த பாஸ்போர்ட், தீபாவளிக்குள் நியூ ஜெர்சி ஐசலினில் இருக்கும் அக்காவிடம் ஓடிவிடும் திட்டம். தமிழச்சியிடம் சொன்னால் ஊரெல்லாம் பரவிவிடும். இதை எழுதட்டுமா என்று மெய்லான் கேட்டபோது, சீனத்தில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துச் சரி என்றாள். அசட்டுப் பெண். மில்பிடாஸில் தமிழ் படிப்பவர்களைவிடச் சீனம் படிப்பவர்கள் எத்தனை மடங்கு என்று அவள் யோசிக்கவில்லை.

மணியனின் மேனேஜர் தைவான்காரர். மதியச் சாப்பாட்டின்போது, அந்த வாரப் பத்திரிகையில் வந்திருந்த மெய்லானின் கட்டுரையை எல்லோருக்கும் இங்கிலீஷில் சொன்னார். பெயர் இல்லை, கயிறும் டப்பாவும் இருந்தன. உங்கள் ஊர்ப் பெண்கள் பாவம் என்று மணியனிடமே வருத்தப்பட்டார்.

அன்று நாலு மணிக்கே வீட்டுக்கு வந்த மணியன், நேராக ரவை டப்பாவைக் கவிழ்த்தான். பாஸ்போர்ட்டை அவள் கண்ணெதிரே அடுப்பில் வைத்துக் கொளுத்தினான்.

"என் சோத்தத் தின்னுட்டு சீனாக்காரிகிட்ட கதை சொல்றியா? என் மேனேஜரே படிச்சுட்டு எங்கிட்ட சொல்றான்!"

தலைமுடியைப் பிடித்து அடுப்பு மேடையில் மோதினான். ரத்தம் வாய்க்குள் வழிந்தது. தடுக்கப்போன வலது கையைப் பின்னால் முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அதற்குப் பிறகும் மிதித்தான். பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள் 911 கூப்பிட்டிராவிட்டால் அன்றோடு அவள் கதை முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு மெய்லான் வந்து அழுதாள். மலையூரிலும் இப்படித்தான், புருஷனை விட்டு ஓடிய பெண்ணைப் பற்றித் தான் எழுதப்போய், அவன் ஆட்கள் தேடிப் பிடித்து அவள் காலை உடைத்தார்களாம். அதைக் கேட்டதும் ராஜலக்ஷ்மிக்கு மெய்லானை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கைதான் மாவுக்கட்டில் இருந்தது. இனி பேனாவையே தொடமாட்டேன் என்றாள் மெய்லான்.

மணியன் நாளையே ஜாமீனில் வந்துவிடுவான். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி அவன் சிநேகிதர்கள் பழப்பையோடு வருவார்கள். ராஜலக்ஷ்மிக்கு அது தெரியும்.

"எழுது. இந்தத் தடவை பேரப் போட்டு எழுது. அந்த மேனேஜர் படிக்கட்டும்."

மெய்லான் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். கிழிந்த உதட்டை மெல்ல அசைத்து, ராஜலக்ஷ்மி புருஷன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.