ஆறாவது மாடிச் சுவரில் ஒரு காகிதம்

வீடு கட்டும் சங்கத்தின் குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது தரைத்தள வீடு. கொசுவும் ஈரமும் இருக்கும், மேலே போனால் யமுனைக் காற்று வரும் என்று அப்பா அதை ஆறாவது மாடிக்கு மாற்றிக்கொண்டார். அந்த வீடு விழுந்திருந்த பஞ்சாபிக்காரருக்கு மூட்டுவலி. மகிழ்ச்சியாகக் கீழே வந்துவிட்டார். அப்போது மயூர் விஹாரில் மேல்மாடிக்குத்தான் போட்டி.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. குஜராத்தில் பூமி அதிர்ந்த அந்தக் குடியரசு தினக் காலையில், அணிவகுப்புக்காக டி.வி. முன் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்பது வயது. ஓடாத மின்விசிறி ஆடியது. பிறகு தரையும் ஆடியது. அம்மா என் கையைப் பிடித்து ஆறு மாடியும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கீழே பஞ்சாபிக்காரர் நின்றிருந்தார். "பாய்சாப், மேலே ஹவா கைஸி ஹை?" என்றார் அப்பாவிடம். காற்று எப்படி என்று அவர் விசாரித்ததும் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், கூடத்துச் சுவரில் தூணை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல்.

"மோதி பாக் குவார்ட்டர்ஸ்ல தரையோட இருந்தோம். காத்து வருதுன்னு கூட்டிட்டு வந்தீங்க. இப்ப வீடே ஊஞ்சலாடுது" என்றாள் அம்மா.

"பூச்சுதான் விட்டிருக்கு."

மறுநாள் வந்த மேஸ்திரி ஒரு வழி சொன்னார்: விரிசலின் குறுக்கே காகிதம் ஒட்டுங்கள், கிழிந்தால் விரிசல் வளர்கிறது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் அப்பா '27-1' என்று எழுதி ஒட்டினார்.

"இது கிழிஞ்சா அன்னிக்கே வீட்டைக் காலி பண்றோம்" என்றாள் அம்மா.

"சரி."

தினமும் காலையில் அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. நான் ஷூவைக் கழற்றாமல் தூங்கிய மாதங்கள் அவை. எங்கள் கட்டிடத்தில் விலைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் கூடம் எவ்வளவு பெரிது என்று கேட்பதை விட்டுவிட்டு, தூணை விரல்களால் தட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது மாடிக்கு மேல் யாரும் ஏறவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை காகிதம் நடுவில் கிழிந்து தொங்கியது. அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். நான் கத்தியதும் அப்பா பாதி முகத்துச் சோப்புநுரையோடு வந்தார். மீதியைச் சுரண்டி எடுத்தார். சவரப் பெட்டியிலிருந்தே கோந்து பாட்டிலை எடுத்து, இன்னொரு காலண்டர் தாளில் '27-1' என்று எழுதி ஒட்டினார்.

"அம்மாகிட்ட சொல்லாதே."

அம்மா வந்ததும் கேட்டாள். "பேப்பர் பாத்தியா?"

"டீக் ஹை மா, அப்படியே இருக்கு" என்றேன்.

கீழே விழுந்த கிழிந்த துண்டு ஒன்றை என் பையில் போட்டிருந்தேன். பள்ளி பஸ்ஸில் திருப்பிப் பார்த்தேன். மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றின் சிவப்பு எண். ஜனவரியில் ஒட்டிய காகிதத்தில் மார்ச் எப்படி வந்தது? அவசரத்தில் அப்பா தாள் மாற்றிக் கிழித்திருப்பார் என்று அன்று நினைத்துக்கொண்டு, அதை ஜன்னல் வழியே போட்டுவிட்டேன்.