டொரீன் செய்த ரேக்

டொரீன் ஒரு வண்டிக்கு எதையாவது செய்து தர ஒப்புக்கொள்வதற்கு முன், அந்த வண்டியின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வருவார். முன்சீட்டில் இடம் இருந்தாலும் வேண்டாம் என்பார். மருந்து பம்பு, உர மூட்டை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் குந்திக்கொண்டு, செம்பனைக் காட்டு மண் பாதையில் வண்டி விழுந்து எழும்போது எது குதிக்கிறது, எது உருள்கிறது, எது எதன்மேல் மோதுகிறது என்று பார்ப்பார். திரும்பி வந்ததும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பட்டறைத் தரையிலேயே சுண்ணக்கட்டியால் படம் போடுவார்.

"பின்னால உக்காந்து பாத்தாதான் தெரியும். முதுகுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு எந்த டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கு?" என்று கேட்பார். கணவர் ஆன்ட்ரூ செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவருக்கு வெளியில் ஏதாவது வேலை இருக்கும்.

பட்டறை பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கிறது. சாலைப் பலகைகள் ஊரை பெஸ்தாரி ஜெயா என்கின்றன. ஊர்க்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. வீட்டை ஒட்டித் தகரக் கூரை, அதன் கீழ் வெல்டிங் மிஷின், அறுக்கும் மிஷின், தகடு வளைக்க அவரே செய்துகொண்ட ஓர் அச்சு. டொரீனுக்கு நாற்பத்தைந்து வயது. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு ரவாங்குக்குத் தொழிற்சாலை பஸ் ஏறியவர். கடைகளுக்கு இரும்பு அலமாரி செய்யும் தொழிற்சாலை. சரியாகப் பற்றாத இணைப்புகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. வட்டங்கள் அதிகமான ஒரு நாள், வெல்டர் ஒருவர் முகமூடியைக் கழற்றி நீட்டினார். "ரொம்பத்தான் வட்டம் போடுறியே, நீயே வந்து அடிச்சுப் பாரேன்." டொரீன் போய் அடித்தார். அன்றைக்கு அடித்தது கோணல்மாணல். அதற்கும் தானே சிவப்பு வட்டம் போட்டார். பிறகு மேலாளரிடம் போய், தன்னை அந்தப் பக்கமே மாற்றிவிடச் சொன்னார்.

பல வருஷங்களுக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊரிலேயே பட்டறை போட்டார். முதல் வாடிக்கையாளர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பாலன். அவருடைய பிக்-அப்பில் மருந்து பம்புகள் சாய்ந்து, களைக்கொல்லி ஒழுகி, ஆட்களின் சாப்பாட்டுப் பாத்திரங்கள்வரை போயிருந்தது. டொரீன் ஒரு சுற்றுப் போய் வந்து, ஒவ்வொரு பம்பும் தனித்தனிக் குழியில் நிமிர்ந்து நிற்கும்படி ஒரு சட்டம் செய்தார். சாப்பாட்டுக்கு முன்பக்கம் மூடியோடு தனிப் பெட்டி. அடுத்து வேறொரு தோட்டத்துக்காரர் தண்ணீர்த் தொட்டி கேட்டார். திருப்பத்தில் தண்ணீர் ஒரே பக்கம் ஓடி வண்டியைச் சாய்க்காமலிருக்க, உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வைத்துக் கொடுத்தார். குலை வெட்டும் நீளக் கம்புகளுக்கு வண்டியின் பக்கவாட்டில் கொக்கி. கிளினிக் வண்டிக்கு ஸ்ட்ரெச்சர் நழுவாத தண்டவாளம்.

இவையெல்லாம் தோட்டங்களுக்குள் ஓடின. வெளியில் யார் கண்ணிலும் படவில்லை. ரோட்டைப் பார்த்து நின்றவை அவர் ஆரம்பத்தில் செய்த சில வீட்டு இரும்பு கேட்டுகள்தான். அதனால் கோயிலிலும் சரி, சந்தையிலும் சரி, அவர் பெயர் 'கேட்டு அடிக்கிற டொரீன்'.

அது அவருக்கு ஆகவே ஆகாது. "நான் செஞ்சதுன்னு சொல்லி ஒரு சாமான் வெளிய ஓடணும்" என்று ஆன்ட்ரூவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஓட ஆரம்பித்தது, பெயர்தான் இல்லாமல். ரவாங்கில் ஃபோர் பை ஃபோர் வண்டிகளுக்கு கூடுதல் சாமான்கள் விற்கும் சேது, ஒரு நாள் மண்டோர் பாலனின் வண்டியை எங்கோ பார்த்துவிட்டுப் பட்டறைக்கே வந்தார். முப்பது வயதுக்காரர், நல்ல வாய். காட்டுக்குப் போய் முகாம் போடுகிறவர்கள் இப்போது வண்டிக் கூரையிலேயே மடிப்புக் கூடாரம் ஏற்றுகிறார்கள், அதைத் தாங்க உறுதியான ரேக் வேண்டும், செய்ய முடியுமா என்று கேட்டார். டொரீன் செய்து காட்டினார். சேது அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். அசையவில்லை.

"அக்கா, எத்தன செஞ்சாலும் நான் எடுத்துக்கிறேன். ஒரே விஷயம், பேரு கீரு எதுவும் போட வேணாம். ஸ்டிக்கர் நான் ஒட்டிக்கிறேன்."

"என்ன ஸ்டிக்கர்?"

சேது காட்டினார். மலை, கங்காரு, வெள்ளைக்காரப் பெயர் ஒன்று.

"இது யாரு?"

"யாருமில்லக்கா. சும்மா நானே வச்ச பேரு. பத்தாங் பெர்ஜுந்தாய் டொரீன்னு ஒட்டினா எவன் வாங்குவான்? சொல்லுங்க லா."

டொரீன் ஒப்புக்கொண்டார். வேலை பிடித்திருந்தது. கறுப்புப் பூச்சு அடித்த ரேக்குகள் ஒவ்வொன்றாக ரவாங்குக்குப் போயின, கங்காரு ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றின. தன் பங்குக்கு அவர் ஒன்றை மட்டும் விடாமல் செய்தார்: ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு சின்னத் துளை. உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் தங்கித் துரு பிடிக்காமல் வடிந்து போவதற்கு.

இந்த வருஷம் சேது தன் வாடிக்கையாளர்களைக் கூட்டி, கெர்லிங் ஆற்றங்கரையில் முகாம் போட்டார். கொடி, பாட்டு, கோழி சுடும் புகை, சேற்றை வாரியடிக்கும் சக்கரங்கள், கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்கும் கூட்டம். ஆணி, நட்டு இறுக்க ஓர் ஆள் வேண்டும் என்று டொரீனையும் வரச் சொல்லியிருந்தார். "யாராச்சும் கேட்டா ஃபிட்டர்னு சொல்லிடுங்கக்கா." ஆன்ட்ரூவின் பழைய பிக்-அப்பில் இருவரும் போயிருந்தார்கள். கங்காரு ஒட்டிய ரேக்குகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து டொரீன் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்தார்.

வெயில் ஏறும் நேரத்தில் உமாபதி வந்து சேர்ந்தார். ரவாங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளர், பழைய பஜேரோ வண்டி. கூரைக் கூடாரம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கயிறு போட்டு ஜன்னல் வழியாகக் கட்டியிருந்தார். வண்டியை நிறுத்தி இறங்கியதும் சத்தம்தான்.

"சேது! என்ன சாமான் வித்த நீ? ஹைவேல வர்றேன், மேல டங்குன்னு ஒரு சத்தம். பிள்ளைங்க உள்ள இருக்கு. பின்னால லோரி வருது. அது பறந்து போயிருந்தா?"

ரேக்கை முன்பக்கம் கூரையோடு பிடிக்கும் கால்களில் ஒன்று முறிந்திருந்தது. மற்றொன்றும் கீறல் விட்டிருந்தது. கூட்டம் ஆற்றை விட்டுவிட்டு இங்கே கூடியது.

சேது சமாளிக்கப் பார்த்தார். "பாஸ், கிளை கொப்பு ஏதாச்சும் இடிச்சிருக்கும். இல்லாட்டி வெயிட் ஜாஸ்தி ஏத்திருப்பீங்க. இது இம்போர்ட்டு சாமான், சும்மா உடையாது."

"ஹைவேல ஏதுய்யா கிளை?"

"இம்போர்ட்டாம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எவனோ வீட்டுப் பின்னால அடிச்ச சாமானா இருக்கும்."

டொரீன் பஜேரோவின் டயர்மேல் ஏறி நின்றிருந்தார். குழாயின் அடியில் விரலை விட்டார். துளை இருந்தது. அது இருக்கும் என்று தெரிந்துதான் விட்டார். ஆன்ட்ரூ பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "எறங்கி வா. நல்லா இருந்தப்ப சொல்லாத பேர உடைஞ்சப்ப சொல்லப் போறியா?"

"உடைஞ்சப்பதான கேக்குறாங்க."

"டொரீன், காலத்துக்கும் இதத்தான் சொல்லுவாங்க. கேட்டே அடிச்சிருக்கலாம்னு சொல்லுவாங்க."

ஆன்ட்ரூ பயந்ததில் அர்த்தம் இருந்தது. டொரீன் அவ்வளவு நாள் ஆசைப்பட்ட கூட்டம் இதுதான். வண்டிக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில், எல்லார் கையிலும் கைப்பேசி. இங்கே முறிந்த காலோடு சேர்ந்து போகும் பெயர் பிறகு திரும்பி வராது.

டொரீன் டயர்மேல் நின்றபடியே சொன்னார்: "தம்பி, இது நான் செஞ்சது. இம்போர்ட்டு இல்ல. என் பேரு டொரீன். பத்தாங் பெர்ஜுந்தாய்ல பட்டற வச்சிருக்கேன்."

சேது கண்ணை மூடிக்கொண்டார். உமாபதி அண்ணாந்து பார்த்தார். "நீங்களா? அப்ப நீங்களே சொல்லுங்க, ஏன் உடைஞ்சிச்சு?"

"இருங்க, பாக்குறேன்."

பார்த்தார். முறிந்த காலைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகட்டை எல் வடிவத்தில் வளைத்துச் செய்த கால் அது. பாரம் மேலிருந்து அமுக்கியிருந்தால் அந்த வளைவு இன்னும் மடங்கியிருக்க வேண்டும். இது வாய் பிளந்த மாதிரி விரிந்திருந்தது.

"தம்பி, எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

"நூத்திப் பத்து. சட்டத்துக்கு உட்பட்டுத்தான் லா."

டொரீன் அந்தக் காலைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். "வெயிட்டு இல்ல, கிளையும் இல்ல. இது அமுங்கி உடையல, மேல இழுத்து உடைஞ்சிருக்கு. கூடாரத்துக்கு அடியில காத்துப் பூந்து தூக்கியிருக்கு. என் தப்பு. எஸ்டேட்டுல எல்லாப் பாரமும் கீழதான் அமுக்கும். குலை, உரம், தண்ணி, எல்லாம். மேல தூக்குற பாரம்னு ஒண்ணு இருக்கிறத நான் நெனைக்கவே இல்ல."

எல்லா வண்டியின் பின்தட்டிலும் உட்கார்ந்து பார்த்தவர், ஹைவேயில் மட்டும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அங்கே பின்னால் ஆள் ஏற்றினால் போலீஸ் பிடிக்கும்.

"இந்த ரேக்கு யார் யார் வண்டில இருக்கோ, கூடாரத்தோட ஹைவே ஏறாதீங்க. கழட்டி இங்கயே யார் லோரிலயாச்சும் ஏத்தி அனுப்புங்க. பிறகு வண்டிய பட்டறைக்குக் கொண்டாங்க, எல்லாத்துக்கும் முன்கால் மாத்தித் தர்றேன். சும்மாதான்."

சேது அவரை ஒரு மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "என்னக்கா இது, என் கடைய மூடுறதுக்கா வந்தீங்க?"

"அந்தப் பிள்ளைங்க உள்ள உக்காந்திருந்துச்சு, சேது."

மறுவாரம் ரவாங்கிலிருந்து ஆர்டர் வரவில்லை.

டொரீன் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. முகாமிலிருந்து அன்று வீடு திரும்பும்போதே ஆன்ட்ரூவை ஹைவேயில் ஏறச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். "மிதிங்க, இன்னும் மிதிங்க."

"இதுக்கு மேல மிதிச்சா கதவு கழண்டுக்கும்."

கை தானாக மேலே எழும்பியது. அதைப் பார்த்துக்கொண்டே ரவாங் வரை வந்தார். தானே பின்னால் உட்கார முடியாத இடத்துக்கு வேறொன்றை உட்கார வைத்தார்: காற்று போகும் வழியைக் காட்டச் சிவப்பு ரிப்பன். உமாபதியின் பஜேரோவில் பழைய கால்களையே மறுபடி பற்றவைத்து, இரண்டு மடங்கு முட்டுக் கொடுத்து, ரேக்கின் முன்னாலும் அடியிலும் ரிப்பன் துண்டுகளாகக் கட்டி, கூடாரத்துக்குப் பதில் அதே அளவில் ஒரு பலகையைப் பூட்டி, அதைச் சுற்றிலும் கயிற்றால் இறுக்கி, உமாபதியை விடியற்காலையில் ஹைவேயில் ஓட்டச் சொன்னார். தங்கள் பிக்-அப்பை ஆன்ட்ரூ ஓட்ட, டொரீன் பக்கத்து வழித்தடத்திலிருந்து படம் பிடித்தார். முன்வரிசை ரிப்பன்கள் எல்லாம் பலகைக்கு அடியில் புகுந்து விறைத்து நின்றன.

புதுக்கால்கள் தடித்த தகட்டில் வந்தன. உள்வளைவில் முக்கோண முட்டு. கூரை விளிம்பைக் கீழிருந்து பற்றிக்கொள்ளும் கொக்கி. ரேக்கின் முகப்பில் காற்றை மேலே ஏற்றிவிடும் சரிந்த தகடு ஒன்று. அதன் சாய்வைப் பிடிக்கத்தான் நாள் பிடித்தது. செய்வார், ஹைவேக்குப் போவார், திரும்பி வந்து அறுத்தெறிவார். கடைசியாகப் போன காலையில் முன்வரிசை ரிப்பன்கள் தகட்டின்மேல் படுத்துக்கொண்டு வந்தன. உமாபதியே ஃபோனில் கத்தினார்: "அக்கா, சத்தமே இல்ல! விசில் அடிக்கும்ல, அதுகூட இல்ல!"

"எனக்குத் தெரியும்" என்றார் டொரீன். ஆன்ட்ரூ அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்து, தானும் சிரித்துவிட்டு, வழித்தடத்தை விட்டு விலகி, ஹார்ன் அடி வாங்கினார்.

கெர்லிங்கில் பிடித்த படங்கள் அதற்குள் எங்கெங்கோ போயிருந்தன. டயர்மேல் நின்று 'என் தப்பு' என்று சொல்லும் பெண்ணை ஊர் ஊராகப் பார்த்துவிட்டார்கள். ஆன்ட்ரூ பயந்தபடி கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் சனிக்கிழமைகளில் பட்டறைச் சந்தில் வண்டி நிற்க இடமில்லாமல் போயிற்று. கால் மாற்ற வந்தவர்கள் பாதி. இன்னும் எதுவுமே வாங்காதவர்கள் பாதி. கடலோர ஊரான செகிஞ்சானிலிருந்து ஒரு சீனர், மீன் பெட்டிகளுக்கு இழுப்பறை கேட்டு வந்தார். அவரிடம் டொரீன், "முதலில் உன் வண்டியில் என்னை ஏற்று" என்று மலாயில் சொல்லி, பின்தட்டில் ஏறி உட்கார்ந்து வயல் பாதையில் ஒரு சுற்றுப் போய் வந்தார். "ஹைவே ஏறுவியா?" என்று தவறாமல் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை வரிசையின் கடைசியில் சேதுவின் வண்டியும் நின்றது. அவர் கூரையிலும் அதே ரேக்.

"அக்கா, என்னுத மொதல்ல பாத்து விட்டிருங்களேன். கடைய தொறக்கணும்."

"வரிசைல நில்லுங்க, சேது. காப்பி குடிக்கிறீங்களா?"

காப்பியைக் குடித்துவிட்டு சேது நின்றார். தன் முறை வந்ததும், புதுக்காலைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "கடைக்கு வர்றவன் எல்லாம் டொரீன் ரேக்கு இருக்கான்னு கேக்குறான். கங்காருவ எவனும் தொட மாட்டேங்குறான். பழையபடி அனுப்புங்க. ஒங்க பேரே ஒட்டிக்கிறேன்."

டொரீன் முகமூடியை மேலே தள்ளினார். "பேரு மட்டும் பத்தாது. ஊரையும் போடணும்."

"ஊரு எதுக்கு?"

"உடைஞ்சா எங்க வர்றதுன்னு தெரிய வேணாமா? ஃபோன் நம்பரும் போடுங்க."

"ஸ்டிக்கர்ல எடம் பத்தாதேக்கா."

"அப்ப பெருசா அடிங்க."