வெட்டப்பட்ட கடைசி வரி

ஓய்வூதியக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் சாகும் என்று தெரியும்.

செங்கல்பட்டில் அந்த நாளிதழை நான் வாங்கியதே விளையாட்டுப் பத்திக்காகத்தான். உள்ளூர் கபடியை ஒருவர் எழுதுவார். படித்தால் நம் முட்டியில் மண் ஒட்டும். பெயர் இருக்காது. 'நமது நிருபர்' என்று மட்டும் போட்டிருக்கும்.

ஓய்வுபெற்ற பிறகு விசாரித்து, புதுப்பட்டினத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். சர்க்கரையில் பார்வை போயிருந்தது, பத்திரிகையும் கைவிட்டிருந்தது. பத்திரிகையாளர் ஓய்வூதியத்துக்கு எழுதிப்போடலாம் என்று, கத்தரித்து வைத்திருந்த பத்திகளோடு போனேன்.

"அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கா சார்?"

"இன்னா ஆர்டரு? வரிக்கு இவ்ளோன்னு குடுத்தானுங்க."

"உங்க பேர் போட்டு ஒண்ணாவது வந்திருக்கா?"

"பேரா? வூடு தேடி வந்து நக்கல் பண்றியே சார்."

அங்கேயே கோப்பு முடிந்தது. என்னிடம் வந்திருந்தால் நானே நிராகரித்திருப்பேன். அதைச் சொல்ல வாய் வராமல், கொண்டுபோன பத்திகளில் மேலே இருந்ததை வாசித்துக் காட்டினேன். பார்வை மங்கிய பின் அவர் சொல்லச் சொல்ல, தான் எழுதிய கடைசிப் பத்தி அது என்று பக்கத்தில் இருந்த மகள் சொன்னாள். மீனவர் அணி ஒரு புள்ளியில் தோற்ற கதை.

"கடைசி வரி எங்க சார்?" என்றார்.

"இவ்வளவுதான் வந்திருக்கு."

"வெட்டிட்டானுங்களா! விளம்பரம் வந்திருக்கும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "தோற்ற பிள்ளைகள்தான் மைதானத்தைக் கூட்டிவிட்டுப் போனார்கள்."

கிளம்பும்போது மகள் கேட்டாள், "பென்ஷன் வந்துடுமா சார்?"

"வரும்மா" என்றேன்.

நான் எழுதிப்போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்தப் பத்தியின் அடியில் கடைசி வரியை எழுதி, அவர் பெயரையும் போட்டு வைத்திருக்கிறேன். ஆதாரமாக அது செல்லாது.