ஃபிரிட்ஜ் கதவுகளில் நோம்சா

உயிரோடிருக்கும் ஒரு பெண்ணை எங்கள் சபை சாகடித்துவிட்டது. அதற்கான படத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அவள் பெயர் நோம்சா. வயது முப்பத்தொன்று. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரிலிருந்து முப்பத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு டவுன்ஷிப்பில், பாலர் பள்ளி ஒன்றில் சமைக்கிறாள். இன்று காலை நான் கோட்டு மாட்டும்போதுகூட என்னோடு போனில் பேசினாள். ஆனால் லண்டனில் எண்பது தமிழ் வீடுகளைப் பொறுத்தவரை, போன நவம்பரில் காசநோயில் இறந்துவிட்டாள்.

ஊழியத்துக்கு ஆப்பிரிக்கா போகலாமா, எப்படிப் போவது என்று எனக்கு எழுதிக் கேட்கிறவர்களுக்காக இந்தப் பதிவு. விமானப் பயணம் இதில் இல்லை. இன்று, இந்த ஜனவரிச் சனிக்கிழமை, லண்டனின் வால்தம்ஸ்டோவில் புறப்பட்டு, மோர்டனும் ஆர்ச்வேயும் போய், மீண்டும் வால்தம்ஸ்டோவில் முடிந்த ஒரு நாள். மூன்று பயணத்துக்கும் சேர்த்து எட்டுப் பவுன் தொண்ணூறு பென்ஸ். நோம்சாவின் முகத்தைத் திரும்ப வாங்கப் போனேன்.

முதலில் அது எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும்.

டவுன்ஷிப் என்றால், வெள்ளை அரசு கறுப்பு மக்களை நகரத்துக்கு வெளியே, வேலைக்கு மட்டும் வந்துபோகிற தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டிய இடம். அந்த அரசு போய்விட்டது, தூரம் அப்படியே இருக்கிறது. நோம்சாவின் அக்கா டர்பனில் தரை துடைக்க விடியற்காலை நாலரைக்கு மினிபஸ் பிடிப்பாள். பின் இருக்கையில் இருப்பவரின் காசு கைமாறிக் கைமாறி முன்னால் போகும், மிச்சம் அதே வழியில் திரும்பி வரும். நான் அங்கே இருந்த பதினெட்டு மாதத்தில் ஒரு சில்லறைகூடத் தவறியதில்லை. எங்கள் சபையில் காணிக்கைப் பைக்குக் காவல் நிற்கிறார்கள்.

நான் அங்கே மிஷனரி. என் வேலை பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, மருத்துவமனைக்குக் கூடப் போவது, கடிதம் எழுதிக் கொடுப்பது. மிச்ச நேரமெல்லாம் நோம்சாவின் சமையலறை. என் தலைமுடியை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பின்னிவிட்டவள் அவள். நான் துணி துவைக்கும் அழகைப் பார்க்கப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டவளும் அவளே. என்னைச் சிரிக்காமல் பார்த்த நாள் மிகக் குறைவு.

சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊழியத்தில் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நோயாளியையோ ஏழையையோ பற்றி எழுதி அனுப்ப வேண்டும். அலுவலகம் அதை ஜெபக் கார்டாக அச்சடிக்கும். முன்பக்கம் முகம், பின்பக்கம் கதை, தமிழிலும் ஆங்கிலத்திலும். வீட்டுக்கு ஒன்று. சனம் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி, தினமும் அந்த முகத்தைப் பார்த்து ஜெபிக்கும். முகம் இல்லாவிட்டால் யாரும் ஜெபிக்க மாட்டார்கள் என்று எனக்குப் பயிற்சியிலேயே சொன்னார்கள்.

காசநோய் வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். பெயரை மாற்றி கிரேஸ் என்று போட்டேன். அவள் படம் எடுக்க விடவில்லை, அது அவள் உரிமை. அதே மின்னஞ்சலில், ஊரைக் காட்டுவதற்காக, வேறு பன்னிரண்டு படங்களும் அனுப்பினேன். அலுவலகம் அதிலிருந்து ஒரு முகத்தை எடுத்து கிரேஸ் என்று அச்சடித்தது. கண்ணை இறுக மூடி, புருவம் நெரித்து, உதடு கோணி, உயிர் போகிற வேதனையில் ஒரு பெண்.

அது வேதனை இல்லை. நான் ஜெபிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று நோம்சா நடித்துக் காட்டிய படம். பின்னால் பானை பொங்கி வழிகிறது. "நீ கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம் கேட்கிறாய், அதனால்தான் அடுப்பை நான் பார்க்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த முகத்தைச் செய்தாள்.

அச்சான கார்டை நான் பார்த்தேன். தவறு என்று எழுதவில்லை. நன்றாக ஜெபிக்கிறார்கள், எல்லோரும் அழுகிறார்கள் என்று லண்டனிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

செப்டம்பரில் லண்டன் திரும்பினேன். நவம்பரில் உண்மையான நோயாளி இறந்தாள். சபை கிரேஸின் மரணத்தை அறிவித்தது. டிசம்பரில், இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நோம்சாவின் பக்கத்து வீட்டுப் பெண், கூட வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணின் லாக்கரில் அந்தக் கார்டைப் பார்த்துப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். காசநோய்க்காரி பிள்ளைகளுக்குச் சமைக்கிறாளா என்று பெற்றோர் கேட்டார்கள். நோம்சா பரிசோதனை செய்து, நோய் இல்லை என்று தாள் காட்டினாள். அதைக் காசு கொடுத்தும் வாங்கலாம் என்றது பள்ளிக் கமிட்டி. அச்சடித்த சபையே தவறு என்று எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை கூட்டம். கடிதம் இல்லாவிட்டால் வேலை இல்லை. அந்தச் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள்.

"கடிதம் வாங்கு. என் முகத்தையும் வாங்கு" என்றாள். எண்பது வீட்டில் எனக்கு விலாசம் தெரிந்தவை இரண்டு.

காலை 9.10, வால்தம்ஸ்டோ சென்ட்ரல். விக்டோரியா லைனில் ஸ்டொக்வெல், அங்கே எதிர் மேடையில் நோர்தன் லைன், மோர்டன் வரை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நிலையத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. பனி புல்லிலேயே இருந்தது.

றஞ்சி அன்ரி சபையின் பழைய ஆள். தனியாக இருக்கிறார்.

"வாங்கோ பிள்ளை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. தேத்தண்ணி குடிப்பியள்தானே?"

ஃபிரிட்ஜ் கதவில் வேறு ஒன்றும் இல்லை. நடுவில் நோம்சா. சுற்றிக் கறுப்பு நாடா. கீழே ஒரு சின்ன பற்றரி மெழுகுதிரி, பகலிலும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"செத்த முப்பத்தோராம் நாளுக்கு ஜெபம் வைச்சு இருபது பேருக்குச் சாப்பாடு குடுத்தனான்" என்றார். "விடிய எழும்பி இவவோடதான் முதல் கதை. செத்தாப் பிறகும் போகேல்ல பாருங்கோ. நான் கோப்பை கழுவேக்க அந்தச் சிங்குக்குப் பக்கத்தில வந்து நிப்பா. ஒண்டும் சொல்ல மாட்டா. கண்ணை மூடிக்கொண்டு நிப்பா."

எல்லாவற்றையும் சொன்னேன். படம், நடிப்பு, என் மௌனம். தலையாட்டிக்கொண்டே கேட்டார், மழை பெய்கிறது என்று கேட்பதுபோல. வேறு வழியில்லாமல் நோம்சாவை வீடியோவில் அழைத்தேன். அங்கே மத்தியானம், பின்னால் யாரோ தகரம் தட்டும் சத்தம். நோம்சா கை அசைத்தாள்.

அன்ரி போனையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். பயப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, ஆங்கிலத்தில், காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்.

"இனிப் போம்மா. சமாதானமாப் போ. இனி இருமல் இல்லை."

"எனக்கு இருமலே இல்லை, அம்மா" என்றாள் நோம்சா.

"ஓம். அங்க போனா ஒருத்தருக்கும் இல்லைத்தான்."

நோம்சாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அவர் யாரோடு பேசுகிறார்?" என்று என்னைக் கேட்டாள். உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

கார்டைக் கேட்டேன். அன்ரி ஃபிரிட்ஜுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "அதைக் கழட்டினா இவ எங்க போவா?" என்றார். வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, மேசையில் தேநீர்க் கோப்பை மூன்று இருந்தது.

மோர்டனிலிருந்து ஆர்ச்வேக்கு மாறாமல் போகலாம். பாங்க் வழியாக ஹை பார்னெட் போகும் ரயிலா என்று பலகையில் பார்த்து ஏறுங்கள். எனக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். முழுவதும் இருட்டுக்குள். எதிர்க் கண்ணாடியில் கண் மூடித் தூங்கும் முகங்களைப் பார்க்காமல் இருக்க ஒரு பத்திரிகையை எடுத்து விரித்து வைத்திருந்தேன்.

சுதன் அண்ணையின் பிளாட் மலைச்சரிவில், முருகன் கோயிலுக்குக் கொஞ்சம் கீழே. பிரான்சிலிருந்து வந்தவர், டைல்ஸ் பதிக்கும் வேலை. சபைக்குப் போவது அவர் மனைவி. மனைவி வேலை ஷிப்டில் இருந்தார். இங்கே நோம்சாவின் நெற்றியில் மூன்று கோடு விபூதி.

"நான்தான் பூசினது" என்றார். "மனிசி இயேசுவட்டக் கேக்கிறா, நான் மேல போய் முருகனட்டக் கேக்கிறனான். ரெண்டு பேரில ஒருத்தராவது பாப்பினம்தானே. பாக்கேல்ல."

நடந்ததைச் சொன்னேன். பானை பொங்கிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கார்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் ஒரு பகிடியையோ கும்பிட்டனாங்கள்?"

"ஓம் அண்ணை."

"உயிரோட இருக்கிற ஆளுக்குச் செத்தவீடு செய்தால் பிறகு திருப்பி எடுக்கிறது லேசில்லைத் தங்கச்சி. எங்கட மாமா ஷெல்லடியில செத்திட்டார் எண்டு எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிச்சிட்டம். பிறகு ஒரு நாள் வந்து படலையில நிக்கிறார். அம்மா சோறு போட்டவ. ஆனா கையில குடுக்கேல்ல. நிலத்தில வைச்சுத் தள்ளிவிட்டவ. அந்த மனிசன் கடைசி மட்டும் எங்கட வீட்டில நிலத்திலதான் எடுத்துச் சாப்பிட்டது."

காந்தத்தை எடுத்து, விபூதியைச் சட்டைக் கையால் துடைத்து, கார்டை என்னிடம் தந்தார். "நோம்சா எண்டே பேர்? எங்கட வீட்டில கும்பிட்டுக் கேட்டதெல்லாம் பிழையான பேருக்குப் போயிட்டு" என்றார். கதவைச் சாத்தும் முன் திரும்ப ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்.

ஆர்ச்வேயிலிருந்து வால்தம்ஸ்டோவுக்கு மீண்டும் நகரத்துக்குள் இறங்கத் தேவையில்லை. ஆறு நிமிடம் நடந்தால் அப்பர் ஹாலோவே, அங்கே ஓவர்கிரவுண்ட். வால்தம்ஸ்டோ குயின்ஸ் ரோடு வரை கால் மணி நேரம். மூன்றரைக்கு இறங்கினேன், வெளிச்சம் வற்றத் தொடங்கியிருந்தது.

இன்று நான்கு மணிக்குச் சபையில் கிரேஸுக்கு நினைவு ஆராதனை. வாடகை மண்டபத்து மேடையில் நோம்சாவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அந்த அளவில் சிரிப்பை அடக்கும் கன்னத் தசை தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்ததோ என்னவோ. வெள்ளை லில்லி. கமகமவென்று பற்றிஸ் பொரியும் வாசம்.

பாஸ்டரைச் சமையலறையில் பிடித்தேன். அவருக்கு இது புதுச் செய்தி இல்லை. இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"தங்கச்சி, பதினாலு மாதம் எண்பது வீட்டில சனம் அழுது ஜெபிச்சிருக்கு. இப்ப எழும்பி, இது வேற ஆள், உங்களைப் பார்த்து முகத்தை நெளிச்சுக் காட்டினவ எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?"

"ரெண்டு வரிக் கடிதம் பாஸ்டர். படம் பிழை, நோய் இல்லை. நெளிச்சதைச் சொல்லத் தேவையில்லை."

"கடிதம் எண்டா சபைக் கமிட்டி கூடி முடிவெடுக்க வேணும். அடுத்த கிழமை பாப்பம்."

"திங்கக்கிழமை அவவின்ர வேலை போயிடும்."

"கர்த்தர் வேற வேலை குடுப்பார்."

சொல்லிவிட்டு ஒரு தட்டுப் பற்றிஸை என் கையில் தந்துவிட்டு மேடைக்குப் போனார். எழுபது எண்பது பேர் எழுந்து நின்றார்கள். ஜெபிப்போம் என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். இறுக மூடிய கண், நெரித்த புருவம், கோணிய உதடு. வரிசை வரிசையாக, பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை, மண்டபம் முழுவதும் அதே முகம். மேடையில் இருந்ததும் அதே முகம். யார் யாரைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. என் கன்னமும் இழுத்தது. தட்டை வைத்துவிட்டு முகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

"இவ உயிரோட இருக்கிறா" என்று சத்தமாகச் சொன்னேன். "இவவின்ர பேர் நோம்சா. இவவுக்கு ஒரு நோயும் இல்லை."

ஜெபம் நின்றது. கேட்டது எல்லோருக்கும். ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. முன்வரிசையில் றஞ்சி அன்ரி, மோர்டனிலிருந்து எனக்குப் பின்னால் வந்திருந்தார், "ஆமென்" என்றார். பின்னால் இருந்தவர்களும் ஆமென் என்றார்கள்.

நான் விசுவாசத்தை விட்டுவிட்டு இதை எழுதவில்லை. அந்த மண்டபத்தில் கெட்டவர் யாரும் இல்லை. எங்களுக்கு ஆப்பிரிக்கா என்றால் ஒரு சாகிற முகம் வேண்டியிருந்தது. பகிடி விடுகிற, என்னைவிட நன்றாகத் துணி துவைக்கிற, வேலையைக் காப்பாற்றப் போராடுகிற ஒருத்தியை ஃபிரிட்ஜில் ஒட்ட யாருக்கும் விருப்பமில்லை. செத்தவளாக இருந்தால் எங்கள் அன்பு முழுவதும் அவளுக்கு.

போக நினைக்கிறவர்களுக்கு: போங்கள். மூன்று மாதத்துக்குக் குறையாமல் போங்கள், குறைந்த நாட்களில் நீங்கள் வெறும் விருந்தாளி. மினிபஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருங்கள். சனிக்கிழமைகளை ஒதுக்கி வையுங்கள், அநேகமாக யாரோ ஒருவரின் அடக்கம் இருக்கும், நீங்கள் வரவில்லை என்பதைக் கவனிப்பார்கள். யாரையாவது படம் எடுத்தால், அது எங்கே ஒட்டப்படும் என்று அவருக்குச் சொல்லிவிட்டு எடுங்கள். சொல்ல முடியாவிட்டால் எடுக்காதீர்கள். உங்கள் பெயரில் பிழையாக ஒன்று அச்சானால் அன்றைக்கே சத்தம் போடுங்கள். நான் போடவில்லை.

இப்போது சனி மாலை ஏழு மணி. நோம்சா ஒரே ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். கடிதம் வந்ததா என்று கேட்டு.

பாஸ்டர், இந்தத் தளத்தை நீங்கள் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக் கமிட்டி திங்கள் காலை எட்டு மணிக்குக் கூடுகிறது, லண்டனில் அப்போது ஆறு மணி. கார்டில் இருக்கும் பெண் நோம்சா, அவளுக்குக் காசநோய் இல்லை, அவள் சாகவில்லை. இதை எழுதி, கீழே உங்கள் பெயரைப் போட்டு, இன்றைக்கே எனக்கு அனுப்புங்கள்.