நிற்கிற வண்டி

எங்கள் சித்தி குக்கர் விசிலுக்குப் பயப்படுவாள். பல்லிக்கு, இடிக்கு, வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஆளுக்கு, யாராவது பலமாகத் தும்மினால் அதற்கும்கூட. இப்பேர்ப்பட்டவளுக்கு ரயில்வே ஸ்டேஷனில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் ரயிலுக்கு மட்டும் அவள் பயப்படவில்லை. “அது வரும், நிக்கும், போகும். பல்லி அப்படியா? எப்ப மேல விழும்னே தெரியாது” என்பாள்.

அவள் சொன்னது வாஸ்தவம். அந்த ஸ்டேஷனில் எல்லா வண்டியும் நின்றன. ஊருக்காகக் கட்டிய ஸ்டேஷன் இல்லை அது, கிணற்றுக்காகக் கட்டியது. கரி எஞ்சின் காலத்தில் அந்தப் பாதையில் நல்ல தண்ணீர் அங்கேதான் கிடைத்தது. எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. நிற்கிறதே என்று ஜனங்கள் ஏறினார்கள். ஏறுகிறார்களே என்று டிக்கெட் ஜன்னலும் பெஞ்சும் மாஸ்டரும் வந்து சேர்ந்தார்கள். கிணற்றடியில் பம்பு ஓட்டியவர்தான் எங்கள் சித்தப்பா. தகரக் கொட்டகைக்குள் அந்தப் பம்போடு மாரடித்து அவருக்குக் காது போயிற்று. டீசல் வந்ததும் பம்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். காதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சித்தப்பா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை போட்டுக்கொண்டார். வண்டிகளோ தண்ணீர் வேண்டாமென்ற பிறகும் பழக்கதோஷத்தில் நின்றுகொண்டே இருந்தன.

நிற்கிற வண்டிக்கு யார் பயப்படுவார்கள்? வண்டி கண்ணுக்குத் தெரியும்போதே ஊர் ஜனம் சாவகாசமாகத் தண்டவாளத்தைக் கடக்கும். மத்தியான வண்டிதான் சித்தப்பாவுக்குச் சாப்பாட்டு நேரம். அது தூரத்தில் தெரிந்ததும் சித்தி பிளாட்பாரத்திலிருந்து கையை ஆட்டுவாள். அவர் கடையைச் சாத்திவிட்டு, வண்டிக்கு முன்னாலேயே கடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார். சண்டை போட்ட நாட்களில் மட்டும் அவள் கையை ஆட்டமாட்டாள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அவள் கோபம் தீர்ந்து திரும்புகிறவரை அவரும் அந்தப் பக்கமே தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அந்தக் கூத்தைப் பார்த்து ஸ்டேஷனே சிரிக்கும்.

ஒருநாள் உத்தரவு வந்தது. இனி மத்தியான வண்டி இங்கே நிற்காது, அதே வேகத்தில் போய்விடும்.

அதைக் கேட்டதிலிருந்து சித்திக்குச் சோறு இறங்கவில்லை. முதல் நாள் காலையில் கடைக்குக் கிளம்பியவரைப் பிடித்து நிறுத்தி, காதோடு வாயை வைத்துக் கத்தினாள். “இன்னைலேர்ந்து மத்தியான வண்டி நிக்காது! அது போனப்புறம் வாங்க! கேட்டுச்சா?”

“சரி, சரி” என்றார் சித்தப்பா.

அவர் எதற்குத்தான் சரி சொல்லமாட்டார்? வீடு பற்றி எரிகிறது என்றாலும் சரி என்பார் என்று அவளே எத்தனையோ முறை கேலி பண்ணியிருக்கிறாள். அன்று அந்த ‘சரி’யை அவள் நம்பவில்லை. மாஸ்டரிடம் போய் நின்றாள். “சார், அவருக்குக் கேட்டுச்சான்னு தெரியல. ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“குக்கருக்குப் பயப்படற ஆளாச்சே நீ. அவர் என்ன பச்சக் குழந்தையா? ஜனங்க ஓரத்துக்கு வராம பாத்துக்க, போ” என்றார் மாஸ்டர்.

ஜனம் நிறையவே வந்திருந்தது. வண்டி நிற்காமல் போவதை வேடிக்கை பார்க்க வந்த வேலையற்றவர்களில் நானும் ஒருத்தி. வண்டி தெரிந்தது. எப்போதும் வேப்பமரத்தடி வரும்போது மூச்சு வாங்குகிற மாதிரி வேகம் குறையும். குறையவில்லை.

எதிர்ப்பக்கம் சித்தப்பா கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

வராதீர்கள் என்று சொல்லத்தான் சித்தியின் கை மேலே போயிற்று. அவருக்கு அது தினமும் பார்க்கிற கை. சிரித்துக்கொண்டே நடந்தார். அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். பசி பொறுக்காமல் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, “வரேன், வரேன்” என்று எட்டி நடை போட்டார். நாங்கள் எல்லாரும் கத்தினோம், எஞ்சினும் கத்தியது. கேட்க அவருக்குக் காது ஏது? வண்டியை அவர் பார்க்காமலில்லை. பார்த்தார். நிற்கிற வண்டிதானே.

சரளைக்கல்லில் அவர் கால் வைத்தபோது சித்தி கையைக் கீழே போட்டாள். சட்டென்று அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

பார்க்கச் சகிக்காமல் திரும்பிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். சீ, என்ன மனுஷி என்றுகூட நினைத்தேன். டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு கையாலும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வண்டி எங்கள் முகத்தில் புழுதியை அறைந்துகொண்டு போயிற்று. பெட்டிக்குப் பின் பெட்டி, முடியவே முடியாதோ என்றிருந்தது. போன பிறகும் அவள் திரும்பவில்லை.

புழுதிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இப்ப என்ன கோவம் உனக்கு? காலையில நீ சொன்னதுக்கெல்லாம் சரின்னுதானே சொன்னேன்!”

அந்தப் பக்கமே, ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். இன்னொரு செருப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. சித்தி சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகு மற்ற வண்டிகளும் நிற்காமல் போயின. ஸ்டேஷனைப் பூட்டும்வரை மத்தியானம்தோறும் சித்தி கோபமே இல்லாமல் முதுகைக் காட்டி நின்றாள். வண்டி போய், சத்தம் அடங்கி, திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் அதே பயத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்த பிறகுதான் கையைத் தூக்குவாள்.

குக்கர் விசில் அடித்தால் இப்போதெல்லாம் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “பயமெல்லாம் அங்கயே செலவாயிடுச்சுடி” என்கிறாள்.